கண் அழுத்த நோய்க்குச் சிறு கீறல் அறுவை

கண் அழுத்த நோய் என்று தமிழில் சொல்லப்படும் கிளாக்கோமா, பார்வை நரம்பை இழை இழையாக அழிக்கும் நோய். நரம்பால் தாங்க முடியாத அளவுக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தம் இருப்பதே அதன் முதன்மைக் காரணம். ஒருமுறை அழிந்த நரம்பிழை மீண்டும் வளர்வதில்லை. அதனால் சொட்டு மருந்து, லேசர், அறுவை என எந்தச் சிகிச்சையானாலும் அதன் வேலை ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பது. அந்த வேலையைப் பெரிய வெட்டு இல்லாமல், ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கீறல் வழியாகவே செய்யும் அறுவை முறைகள் கடந்த இருபது ஆண்டுகளில் பல வந்துள்ளன. கண் மருத்துவர்கள் இவற்றை எம்.ஐ.ஜி.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள்.

ஒஸ்லோவின் வடகிழக்கில் குரூருட் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்டோவ்னர் போன்ற இடங்களில் வாழும் தமிழருக்கு இது இப்போது நெருக்கமான விஷயம். 1980களில் இளைஞர்களாக, மாணவர்களாகவும் அகதிகளாகவும், ஈழத்திலிருந்து நோர்வே வந்த தலைமுறை இன்று அறுபதைத் தொட்டும் கடந்தும் நிற்கிறது. கண் அழுத்த நோய் அதிகம் தலைகாட்டும் வயது அதுதான்.

நீர் எங்கே தேங்குகிறது

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. ஐரிஸ் எனும் நிறத்திரைக்குப் பின்னாலுள்ள சிலியரி உறுப்பு அதை நிமிடத்துக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோலிட்டர் வீதம் சுரக்கிறது. அந்த நீர் கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழிக்கும் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கும் ஊட்டம் தந்துவிட்டு வெளியேறுகிறது. கருவிழியின் ஓரமும் ஐரிஸின் அடியும் சந்திக்கும் கோணம்தான் அதன் வாசல். அங்கே சல்லடை போன்ற ஒரு திசு வட்டமாக அமைந்திருக்கிறது. நீர் அதன் வழியே கசிந்து ஷ்லெம் கால்வாயில் இறங்கி, அங்கிருந்து நுண்ணிய நாளங்களுக்குள் சென்று இரத்தத்தோடு கலக்கிறது. வரத்து நிற்காத குளத்தில் மதகு அடைபட்டால் மட்டம் ஏறுவதுபோல, இந்தச் சல்லடை அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது.

பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரையான அழுத்தம் இயல்பானதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஒருவரின் நரம்பு எவ்வளவு தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இயல்பு எல்லைக்குள் அழுத்தம் இருந்தும் நரம்பு அழிபவர்கள் உண்டு. 24 இருந்தும் பல ஆண்டுகள் சேதமின்றி இருப்பவர்களும் உண்டு. ஆகவே மருத்துவர் அழுத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நரம்பின் தோற்றம், நரம்பிழைப் படலத்தின் தடிமன், பார்வைப் புலச் சோதனையின் முடிவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே பார்க்கிறார்.

மூன்று வடிவங்கள்

எந்த அறுவை யாருக்குப் பொருந்தும் என்பதை நோயின் வடிவமே தீர்மானிக்கிறது. முதலாவது திறந்த கோண வகை. இதில் வாசல் திறந்தே இருக்கும். சல்லடை மட்டும் மெல்ல மெல்லத் தூர்ந்துபோகும். வலியோ சிவப்போ இருக்காது. பார்வையின் ஓரம் முதலில் தேயும். ஒரு கண்ணில் குறைவதை மறு கண் ஈடுசெய்துவிடுவதால் பாதி நரம்பு போனபின்னும் நோயாளி அறியாமலே இருக்கலாம்.

இரண்டாவது மூடிய கோண வகை. ஐரிஸ் முன்னோக்கித் தள்ளப்பட்டு வாசலையே மறைத்துவிடுகிறது. திடீரென மூடினால் கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை தோன்றும். அப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரும்பாலும் இதுவும் சத்தமில்லாமலே முற்றுகிறது. ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடம் இந்த வகை அதிகம். தமிழரும் இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஸ்கண்டிநேவிய நாடுகளில் மிகப் பரவலாக உள்ள எக்ஸ்ஃபோலியேஷன் வகை. பின்லாந்தின் ஜான் லிண்ட்பெர்க் 1917இல் இதை விவரித்தார். கண்ணுக்குள் சாம்பல் பொடி போன்ற நார்ப்பொருள் உதிர்ந்து லென்ஸின் மேலும் சல்லடையிலும் படிகிறது. அழுத்தம் சட்டென ஏறும், நாளுக்கு நாள் அலையும், மருந்துக்கு அவ்வளவாக அடங்காது. நோர்வேயின் கண் மருத்துவம் இந்த நோயோடு நீண்டகாலம் போராடிப் பழகியது. தமிழகத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்த ஆய்வுகளிலும் இது குறிப்பிடத்தக்க அளவில் காணப்பட்டது. ஆகவே இதை வடநாட்டு வெள்ளையரின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

அளவுகோல் பிறந்த நகரம்

அழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் வசதி மருத்துவ உலகுக்குப் பரவலாகக் கிடைத்ததில் ஒஸ்லோவுக்குப் பெரும் பங்குண்டு. அந்நாளில் கிறிஸ்டியானியா என்று பெயர் பெற்றிருந்த இந்நகரின் பேராசிரியர் ஹ்யால்மர் ஷ்யோட்ஸ் 1905இல் ஓர் அழுத்தமானியை உருவாக்கினார். மரத்துப்போகச் செய்த கண்ணின் மேல் எடையுள்ள சிறு ஊசித்தண்டை வைத்து, கருவிழி எவ்வளவு உள்ளே அமுங்குகிறது என்று பார்க்கும் கருவி அது. 1950களில் கோல்ட்மன் கருவி வரும்வரை உலகமெங்கும் கண் மருத்துவர்கள் அதையே நம்பினார்கள். விலை குறைவு, மின்சாரம் தேவையில்லை என்பதால் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் கிராமப்புற முகாம்களில் அது பயன்பட்டது.

அழுத்தத்தைக் குறைப்பது பயன் தருமா என்ற கேள்விக்கு உறுதியான விடை பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. சுவீடனின் மால்மோ நகரை மையமாகக் கொண்டு ஆண்டர்ஸ் ஹெய்ல் தலைமையில் நடந்த ஆய்வு, அழுத்தம் ஒரு மி.மீ. குறையும்போது நோய் முற்றும் அபாயம் ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைகிறது என்று காட்டியது. சிறிய குறைவுக்கும் மதிப்பு உண்டு என்ற இந்த முடிவே பின்னாளில் மிதமான, ஆனால் பாதுகாப்பான அறுவைகளுக்கு நியாயம் கொடுத்தது.

சொட்டு, லேசர், பழைய அறுவை

இன்றும் பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே முதல் சிகிச்சை. 1970களின் கடைசியில் வந்த டிமோலோலும், 1996இல் வந்த லட்டனோபிராஸ்டும் நோயின் போக்கையே மாற்றின. சொட்டின் குறை அதை ஆயுள் முழுவதும் நாள் தவறாமல் விட வேண்டியிருப்பதே. கண் சிவக்கும், உறுத்தும், உலரும். வலி எதுவும் இல்லாத நோய்க்கு நாள்தோறும் மருந்து விடுவது பலருக்குச் சலித்துவிடும். நோர்வேயில் இந்த மருந்துகளுக்கு நீல மருந்துச்சீட்டில் அரசு உதவி உண்டு. மறதியும் சலிப்பும்தான் இங்கே பெரிய தடைகள்.

எஸ்.எல்.டி. எனும் லேசர் சிகிச்சை சல்லடைத் திசுவைத் தூண்டி நீரை நன்றாக வடியச் செய்கிறது. ஊசியோ கீறலோ இல்லை. சில நிமிடங்களில் முடியும். பிரிட்டனில் 718 பேரிடம் நடந்து 2019இல் வெளியான லைட் ஆய்வில், முதலிலேயே லேசர் பெற்றவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மூன்று ஆண்டுகள் சொட்டு மருந்தே இல்லாமல் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தனர்.

இவை போதாதபோது செய்யப்படுவது டிராபெக்குலெக்டமி. 1968இல் இங்கிலாந்தின் கெய்ன்ஸ் வடிவமைத்த இந்த அறுவையில், வெண்விழியில் ஒரு சிறு கதவு வெட்டி, நீர் மேலிமையின் மறைவில் வெளிப்படலத்துக்கு அடியில் கசியும்படி செய்வார்கள். அங்கே ஒரு மெல்லிய கொப்புளம் உருவாகும். அதைப் பிளெப் என்பார்கள். தழும்பு கட்டி வழி மூடிவிடாதிருக்க மைட்டோமைசின் எனும் மருந்தைத் தடவுவார்கள். அழுத்தத்தை மிகத் தாழ்வாகக் கொண்டுவருவதில் இதற்கு ஈடான அறுவை இன்றும் அரிது. ஆனால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கலாம், கொப்புளம் கசியலாம், பல ஆண்டுகள் கழித்தும் அதில் தொற்று ஏற்படலாம். வாரக்கணக்கில் அடிக்கடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். இந்த அபாயங்களால் பழைய அறுவை எப்போதும் கடைசிக் கட்டத்துக்கே தள்ளப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சொட்டு விடுவதற்கும் இந்தப் பெரிய அறுவைக்கும் நடுவே வேறு வழி இல்லாமல் இருந்தது.

நடுவழியை நிரப்பிய முறைகள்

அந்த வெற்றிடத்தை நிரப்பவே சிறு கீறல் முறைகள் வந்தன. கனடாவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஐக் அகமது 2009 வாக்கில் இவற்றுக்குப் பொதுப் பெயர் சூட்டினார். கண்ணின் உள்ளிருந்தே செய்யப்படுவது, திசுவைக் குறைவாகச் சிதைப்பது, ஓரளவாவது அழுத்தத்தைக் குறைப்பது, பாதுகாப்பில் உயர்ந்து நிற்பது, விரைவில் குணமாவது ஆகிய ஐந்தும் இவற்றின் அடையாளங்கள்.

முதல் வகை, தூர்ந்த சல்லடையைத் தாண்டி நீரை நேராக ஷ்லெம் கால்வாயில் விடும் நுண்குழாய்கள். 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐஸ்டென்ட், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள டைட்டானியக் குழாய். 2018இல் வந்த ஹைட்ரஸ், எட்டு மில்லிமீட்டர் நீளமான வளைந்த உலோகச் சட்டம். அது கால்வாயின் கால் வட்டத்தை விரித்துப் பிடித்துக்கொள்கிறது. இவை பெரும்பாலும் கண்புரை அறுவையோடு சேர்த்து, அதே கீறல் வழியாகவே பொருத்தப்படுகின்றன. ஹைட்ரஸை ஆராய்ந்த ஹொரைசன் ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் சொட்டு மருந்து இல்லாமல் இருந்தவர்கள் குழாய் வைத்தவர்களில் 66 விழுக்காடு. கண்புரை அறுவை மட்டும் செய்தவர்களில் 46 விழுக்காடு.

இரண்டாம் வகையில் குழாய் கிடையாது. சல்லடைத் திசுவையே கீறியோ உரித்தோ எடுத்துவிடுவார்கள். கஹூக் இரட்டைக் கத்தி அதற்கென்றே செய்யப்பட்ட கருவி. ஜி.ஏ.டி.டி. எனும் முறையில் ஒரு நூலைக் கால்வாய்க்குள் நுழைத்து வட்டம் முழுவதும் ஓட்டி, இழுத்துச் சல்லடையைப் பிளப்பார்கள். சல்லடையில் நார்ப்பொருள் படியும் எக்ஸ்ஃபோலியேஷன் வகைக்கு இது நல்ல பலன் தருகிறது.

இந்த இரு வகைகளுக்கும் ஓர் இயற்கை எல்லை உண்டு. நீர் கடைசியில் கண்ணின் மேற்புற நாளங்களில்தான் சேர வேண்டும். அந்த நாளங்களிலேயே எட்டு முதல் பத்து மி.மீ. அழுத்தம் இருக்கிறது. ஆகவே கண்ணழுத்தம் அதற்குக் கீழே போகாது. நடைமுறையில் பதினைந்துக்கு அருகில் நிற்கும். கண்ணழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழாது என்பதால் இது ஒரு பாதுகாப்பு. நோய் முற்றி, பத்தோ பன்னிரண்டோ தேவைப்படுபவருக்கு அதுவே குறையாகிறது.

அத்தகையவர்களுக்காக மூன்றாம் வகை. நீரை வெளிப்படலத்துக்கு அடியில் கொண்டுவரும் மென்குழாய்கள் இவை. ஸென் குழாய் ஜெலட்டினால் ஆனது. ஆறு மில்லிமீட்டர் நீளம், 45 மைக்ரான் துளை. பிரிசர்ஃப்ளோ எட்டரை மில்லிமீட்டர் நீளம், 70 மைக்ரான் துளை. இவற்றிலும் பிளெப் உண்டு, மைட்டோமைசினும் தேவை. பிரிசர்ஃப்ளோவுக்கு வெளிப்படலத்தைத் திறக்க வேண்டியிருப்பதால் அதைச் சிறு கீறல் முறைகளின் விளிம்பில் வைப்பார்கள். 2021இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், ஓராண்டு முடிவில் அதன் வெற்றி 53.9 விழுக்காடு, டிராபெக்குலெக்டமியின் வெற்றி 72.7 விழுக்காடு. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிய நிகழ்வுகள் பிரிசர்ஃப்ளோவில் குறைவாக இருந்தன. பலம் கூடினால் அபாயமும் கூடுகிறது. மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடைபோட வேண்டியது இதைத்தான்.

நான்காம் வகை ஒரு பாடத்தைக் கற்பித்தது. நீரைக் கண்ணின் உட்சுவர் இடைவெளிக்குள் வடித்த சைபாஸ் குழாய் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐந்தாண்டுக் கண்காணிப்பில் அது கருவிழியின் உட்பக்க உயிரணுக்களைத் தேய்ப்பது தெரிந்ததும், 2018 ஆகஸ்டில் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார். இரண்டாண்டு முடிவு நன்றாக இருந்த ஒரு கருவியின் குறை ஐந்தாம் ஆண்டில் வெளிப்பட்டது. புதிய முறை எதையும் நீண்டகால ஆய்வை வைத்தே மதிப்பிட வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்

தொடக்க அல்லது நடுக்கட்டத் திறந்த கோண நோயும் கண்புரையும் சேர்ந்து உள்ளவருக்குச் சல்லடை வழி முறைகள் மிகப் பொருத்தம். ஒரே நாளில் இரண்டுக்கும் சிகிச்சை முடிகிறது. சொட்டு மருந்தின் எண்ணிக்கை குறைகிறது. சொட்டு ஒவ்வாதவர்களும், கை நடுக்கத்தால் விட முடியாதவர்களும் இதனால் பயனடைவார்கள். நோய் வேகமாக முற்றுபவர்களுக்கும், பார்வைப் புலம் நடுப்புள்ளி வரை சுருங்கியவர்களுக்கும் பெரிய அறுவையே காப்பு. அவர்களிடம் சிறு முறையை முயன்று காலத்தைக் கடத்துவது பார்வையைப் பணயம் வைப்பதாகும்.

மூடிய கோணத்தில் வாசலே மறைந்திருப்பதால் குழாய் வைக்க இடம் தெரியாது. அங்கே வேறொரு எளிய வழி நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 419 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஈகிள் ஆய்வில், கண்புரை இல்லாதபோதும் தடித்த லென்ஸை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு, லேசரால் ஐரிஸில் துளையிட்டவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. லென்ஸ் விலகியதும் ஐரிஸ் பின்வாங்கி வாசல் திறக்கிறது. எனவே அறுவை பற்றிய பேச்சுக்கு முன், சிறு கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபி சோதனை கட்டாயம் நடந்திருக்க வேண்டும்.

மதுரை காட்டிய வழி

தமிழகத்தில் கேள்வி வேறு விதமாக எழுகிறது. தென் தமிழகத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள 5,150 பேரைச் சோதித்து அரவிந்த் கண் மருத்துவமனை 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை அதை அறியாதவர்கள். நோய் தெரியவந்த பின்னும் இறக்குமதி நுண்குழாயின் விலை பெரும் தடை. அதனால் இந்திய மருத்துவர்கள் குழாய் வேண்டாத முறைகளில் திறன் வளர்த்தார்கள். ஜி.ஏ.டி.டி.க்குச் சாதாரண அறுவை நூல் போதும். சாதாரண ஊசியின் முனையை வளைத்துச் சல்லடையை உரிக்கும் முறையும் பரவியது. முற்றிய நோய்க்காக மதுரையின் ஆரோலேப் தயாரித்த நீர்வடிகால் கருவி, அதே வடிவமுள்ள வெளிநாட்டுக் கருவியின் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கிறது. கண்புரைக்கான செயற்கை லென்ஸை 1992 முதல் மலிவாக்கிய அதே நிறுவனம் இது.

ஸ்டோவ்னரில் பாதை

நோர்வேயில் விலை பெரிய தடையில்லை. குடும்ப மருத்துவர் மட்டுமல்லாமல், கண்ணாடிக் கடையிலுள்ள ஒப்டிக்கரும் நேரடியாகக் கண் மருத்துவருக்குப் பரிந்துரைக்கலாம். கண்ணாடி மாற்றப் போகும்போது அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்வது மிக எளிய முதற்படி. அரசு ஒப்பந்தம் பெற்ற கண் மருத்துவர்கள் தொடர் கவனிப்பைத் தருகிறார்கள். அறுவை வேண்டியவர்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள். ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் கண் பிரிவு உல்லவோலில் உள்ளது. நோயாளி கட்டும் தொகை ஆண்டு வரம்பைத் தொட்டதும் இலவச அட்டை கிடைத்துவிடும்.

மொழி பெரும் தடையாகலாம். கண்புரைக்கும் கண் அழுத்த நோய்க்கும் நோர்வேஜிய மொழியில் உள்ள பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிப்பதால், முதியவர்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கண்புரை அறுவையில் பார்வை திரும்பும். கண் அழுத்த அறுவையில் திரும்பாது. இந்த வேறுபாடு புரியாமல் ஒப்புதல் தருவது ஏமாற்றத்தில் முடியும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவைப்படும்போது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் கடமையைப் பொது நிறுவனங்கள் மேல் வைக்கிறது. சிறு பிள்ளைகளை அந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுவிடலாம்.

அறுவை நாளில் சொட்டு மருந்தாலோ சிறு ஊசியாலோ கண்ணை மரத்துப்போகச் செய்வார்கள். மருத்துவர் நோயாளியின் தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணின் மேல் சிறு கண்ணாடி வைத்து, நுண்ணோக்கி வழியே கோணத்தைப் பார்த்தபடி கருவியைப் பொருத்துவார். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவார்கள். கோணத்தில் செய்த முறைகளுக்குப் பின் சில நாட்கள் கண்ணுக்குள் சிறிது இரத்தம் கலந்து பார்வை மங்கலாக இருப்பது வழக்கம். அந்த நாட்களில் குனிந்து பாரம் தூக்கக் கூடாது. கண்ணைக் கசக்கக் கூடாது. வலி கூடினாலோ, கண் மிகச் சிவந்து பார்வை சட்டென இறங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். குழாய் வைத்திருப்பவர்கள் பிற்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அதைத் தெரிவிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்னும்

அறுவை வெற்றிபெற்றாலும் நோய் போய்விடாது. குழாய் அடைபடலாம், தழும்பு மூடலாம், அழுத்தம் மெல்ல மீண்டும் ஏறலாம். அதனால் அழுத்தம், நரம்பு, பார்வைப் புலம் ஆகிய மூன்றையும் மருத்துவர் குறித்த இடைவெளியில் வாழ்நாள் முழுவதும் சோதிக்க வேண்டும். வாகனம் ஓட்டுபவருக்குப் பார்வைப் புலச் சோதனை இன்னும் முக்கியம்; உரிமத்துக்கே போதிய புலம் தேவை. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அது கண்ணழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சிறு கீறல் முறைகளின் உண்மையான பயன், அறுவையை நோயின் கடைசிக் கட்டத்திலிருந்து முன்னே கொண்டுவந்ததில் இருக்கிறது. நரம்பு பெருமளவு மிஞ்சியிருக்கும்போதே, குறைந்த ஆபத்தோடு, அழுத்தத்தை இறக்கிவிட முடிகிறது. அந்த வாய்ப்பு நோயை முன்பே கண்டுபிடித்தவருக்கு மட்டும் வாய்க்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருந்தால் ஒருவருக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்குக் கண் அழுத்த நோய் உறுதியானால், நாற்பது வயதைக் கடந்த மற்ற எல்லோரும் குறை எதுவும் தெரியாவிட்டாலும் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.